பெர்னாண்டோ வகையறா

வெங்கடாசலம் வாயைத் திறந்தால் பொய், மூடினால் கொட்டாவி என்று சமையற்காரி அமுதவல்லி சொல்வாள். அவள் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். அந்த மனுஷன் கொட்டாவி விட்டு ஒருத்தரும் பார்த்ததில்லை.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. வாசலில் ‘பெர்னாண்டோ இல்லம்’ என்று போர்டு. முன்பக்கத்து அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்பக்கத்தில் முதலாளி டிக்சன் பெர்னாண்டோவும் அவர் மகள் ஆஷ்லினும் குடியிருந்தார்கள். டிக்சன் தூத்துக்குடிக்காரர். கல்யாணமான புதிதில் மலையேறி வந்தவர், மனைவி போன பிறகும் இறங்கவில்லை. காப்பிச் செடியோடு பேசுவார், நாய்களோடு பேசுவார், மனிதர்கள் வந்தால் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார். ஆகவே வருகிறவர்களோடு பேசுகிற வேலை முழுவதும் மேனேஜர் வெங்கடாசலத்தின் தலையில் விழுந்தது. ஓமலூர்ப் பக்கத்து ஆள். பேச்சு என்றால் அவருக்கு அல்வா.

நாலு வருஷம் முன்பு பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன், யாரோ கார் பந்தயக்காரன் பெயரைச் சொல்லி, “அவரும் பெர்னாண்டோ, உங்க ஓனரும் பெர்னாண்டோ. சொந்தமா அங்கிள்?” என்று விளையாட்டாகக் கேட்டான். வெங்கடாசலம் இமைக்கவில்லை.

“ஆமாங்க. பங்காளிங்க.”

அந்தப் பையன் டிக்சனைத் தோட்டத்தில் தேடிப் பிடித்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள் தங்கிவிட்டுப் போனான். அதோடு விட்டிருக்கலாம். நம்ம ஆள் விடுவாரா? சேலத்துக்குப் போய், உலகத்தில் பேர்பெற்ற பெர்னாண்டோக்கள் யார் யார் என்று ஸ்டுடியோக்காரனைத் தேடச் சொல்லி, படங்களாக அடித்துச் சட்டம் போட்டு வந்து ஹாலில் மாட்டினார். கார் பந்தயக்காரர், மஞ்சள் பனியன் போட்ட ஃபுட்பால் ஆட்டக்காரர்கள், பிரேசிலில் ஜனாதிபதியாக இருந்தவர், இலங்கையில் கிரிக்கெட் ஆடியவர்கள், குண்டு குண்டாக மனுஷர்களை வரைகிற ஓவியர் ஒருவர். சிலருக்குப் பெர்னாண்டோ முன்னால் வந்தது, சிலருக்குப் பின்னால் வந்தது. முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, பேர் பேர்தானே என்று விட்டுவிட்டார்.

தினமும் காலை டிபன் முடிந்ததும் சுற்றுலா ஆரம்பமாகும். “இவரு நம்ம ஐயாவுக்குப் பெரியப்பா மொறைங்க. இவரு சித்தப்பா மவன். இந்தக் குண்டுப்படம் வரையறவரு தாத்தா மொறை, கோவக்காரரு.” ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். டிக்சன் ஒரே ஒரு தடவை ஹாலுக்கு வந்து சுவரைப் பார்த்தார். “என்னத்தையும் செய்யும்வே” என்று சொல்லிவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டார்.

இதில் விபரீதம் என்னவென்றால், நாலு வருஷமாக ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வெங்கடாசலத்துக்கே அது ஊறிப்போய்விட்டது. அந்த ஃபுட்பால் ஆட்டக்காரர்களில் ஒருவர் காலை உடைத்துக்கொண்டார் என்று டிவியில் வந்த அன்றைக்கு, “ஐயா, நம்மளவருக்கு அடிபட்டுப் போச்சுங்க” என்று ஓடிப்போய்ச் சொன்ன ஆள் அவர்.

ஆஷ்லின் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் வராது. அம்மா இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டது அவர், காய்ச்சல் வந்தால் கஞ்சி ஊற்றியது அவர். இப்போது சேலத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறாள். அவளாகவே ஒரு மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டாள். ஜெப்சன் என்று பெயர், தூத்துக்குடி, கப்பலில் இன்ஜினியர். டிக்சனுக்குச் சம்மதம். அவன் அப்பாவுக்கும் சம்மதம்.

“அவங்க அம்மாதான் மாமா மசிய மாட்டேங்கறாங்க” என்று ஆஷ்லின் வந்து வெங்கடாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மலையில வளந்தவ, மீன் ஆயத் தெரியுமான்னு கேக்கறாங்களாம். ஞாயித்துக்கெழம பாக்க வர்றாங்க. அவங்க வேண்டாம்னுட்டா ஜெப்சன் மீறி வர மாட்டான். நானும் வரச் சொல்ல மாட்டேன். எனக்கு நொம்ப பயமா இருக்குது மாமா.”

“அட, நானிருக்கறன் கண்ணு. வந்தவங்கள சொக்கிப்போக வெச்சு அனுப்பறனா இல்லியான்னு பாரு.”

சொன்னபடி செய்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த அறையையும் வாடகைக்கு விடவில்லை. விடியும் முன்னே சேலம் மார்க்கெட்டுக்கு இறங்கிச் சீலா மீன் வாங்கிவந்தார். அமுதவல்லி மட்டன் பிரியாணியைத் தம்மில் போட்டு, மீன் குழம்பைக் கொதிக்கவிட்டாள். வீடே மணந்தது.

வேன் வந்து நின்றது. கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்த மாப்பிள்ளையின் அம்மா புளோராம்மாள், வெளிறிய முகத்தோடு இறங்கினார். ராத்திரி ரயில், காலையில் மலை, வயிற்றில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை, அப்பா, அம்மா மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். வெங்கடாசலம் காப்பித் தட்டோடு, வாயெல்லாம் பல்லாக உள்ளே நுழைந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து டிக்சனுக்குக் கை கொடுத்தார். “போன்லயே பேசிட்டிருந்தோம், இப்பதான் மொகத்தப் பாக்கேன். நான் ரெமிஜியஸ் பெர்னாண்டோ. இவ என் வீட்டுக்காரி. இவன்தான் ஜெப்சன் பெர்னாண்டோ.”

வெங்கடாசலம் தட்டோடு அப்படியே திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

“ஏனுங்ண்ணா, காப்பி குடிக்க மாட்டேன்னுட்டாங்களா?” என்றாள் அமுதவல்லி.

“அடி அம்மிணி, குடி முழுகிப் போச்சு! மாப்பளப் பையனும் பெர்னாண்டோ!”

“இருந்தா?”

“இருந்தாவா? நம்ம புள்ளையும் பெர்னாண்டோ, அவனும் பெர்னாண்டோ! ஒரே கூட்டம். அண்ணன் தங்கச்சி மொறை ஆவுது!”

அமுதவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் அது லேசான விஷயமாகப் படவில்லை. அவர்கள் பக்கத்தில், ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் ஒருத்தர் ஓமலூரிலும் இன்னொருத்தர் ஒட்டன்சத்திரத்திலும் பிறந்திருந்தாலும் பங்காளிதான், பிள்ளைகள் அண்ணன் தங்கைதான். வெங்கடாசலத்தின் சித்தப்பா மகளுக்கு எடப்பாடியில் பார்த்த சம்பந்தம் அப்படித்தான் கடைசி நிமிஷத்தில் நின்றது. பந்தியில் இலை போட்ட பிறகு, இரண்டு வீடும் ஒரே கூட்டம் என்று தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். நல்லவேளை, யாரும் கை நனைத்திருக்கவில்லை. பொண்ணு வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், சாப்பிடாமல் போனால் யாருக்கும் குற்றமில்லை.

“அண்ணா, பெரியவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?”

“ஐயாவுக்குக் காப்பிச் செடியத் தவுத்து என்ன தெரியும்? நம்ம ஹால்ல மாட்டியிருக்கற சொந்தத்தையே நாஞ்சொல்லித்தான அவரு தெரிஞ்சுக்கிட்டாரு!” ஆஷ்லின் முகம் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது. இந்தப் பிள்ளை ஆசைப்பட்டதைக் கெடுக்கப் போகிறோமே என்று ஒரு பக்கம் தவித்தார். கெடுக்காமல் விட்டால் பாவம் அவள் தலையில் விடியுமே என்று இன்னொரு பக்கம். சபையில் போய்ச் சொல்ல வேலைக்காரனுக்கு வாய் ஏது? “ஒண்ணே ஒண்ணுதான் வழி. ஒருத்தரும் கை நனைக்கப்புடாது. பச்சத்தண்ணி உள்ளே போவக்கூடாது. பசிச்சா தானா எந்திரிச்சுப் போயிருவாங்க.”

“பாவமுங்ண்ணா, அந்தம்மா மொகத்தப் பாத்தீங்களா?”

“கம்முனு இரு.”

சிறிது நேரம் கழித்து டிக்சன் குரல் கொடுத்தார். “வெங்கடாசலம், காப்பி எங்கவே?”

“பால் திரிஞ்சு போச்சுங்க ஐயா.”

“பால் இல்லாட்டி கடுங்காப்பி போடும்.”

“தூள் தீந்து போச்சுங்க.”

ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை காப்பித் தோட்டம். புளோராம்மாள் ஜன்னலைப் பார்த்தார், பிறகு டிக்சனைப் பார்த்தார். டிக்சன் தன் காலடியில் கிடந்த நாயைப் பார்த்தார்.

“தண்ணியாவது குடுங்க மாமா” என்று ஆஷ்லின் வந்து கேட்டாள்.

“மோட்டர் ஓடலியே கண்ணு.”

ரெமிஜியஸ் நல்ல மனுஷன். பசியை வெளியே காட்டாமல், காற்று வாங்குகிற சாக்கில் முற்றத்துக்குப் போனார். அங்கே ஆரஞ்சு மரம் காய்த்துத் தொங்கியது. ஒன்றைப் பறித்து உரிக்கப் போனவரின் கையிலிருந்து, எங்கிருந்தோ பாய்ந்து வந்த வெங்கடாசலம் அதைப் பிடுங்கிக்கொண்டார். பழம் சாப்பிட்டால் கை நனைத்த கணக்கில் சேருமா சேராதா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் துணிந்து பார்க்க விரும்பவில்லை. “மருந்தடிச்சிருக்குதுங்க, தொடாதீங்க” என்றார். ரெமிஜியஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மத்தியானம் தாண்டியது. தம் போட்ட பிரியாணியின் வாசனை, மூடின கதவுக்கு அடியில் புகுந்து ஹாலுக்கு வந்து எல்லோரையும் சித்திரவதை செய்தது. ஜெப்சனின் வயிறு சத்தம் போட்டது எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தரும் எழுந்து போகிற மாதிரி இல்லை. இவர்கள் ஊரில் இலை வராவிட்டால் எழுந்துவிட வேண்டும் என்கிற நாசூக்கு கிடையாது போலிருக்கிறது என்று வெங்கடாசலம் எரிச்சலானார். வேறு வழியில்லாமல் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஹாலுக்கு வந்து, சுவரைக் காட்டித் தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க, சும்மா உக்காந்திருக்கறீங்களே, நம்ம ஐயாவோட சொந்தக்காரங்களப் பாருங்க. கார் ஓட்டறவரு, ஐயாவுக்குப் பெரியப்பா மொறை. ஏனுன்னா ரெண்டு பேரும் பெர்னாண்டோ.” புளோராம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒன்றும் உறைத்ததாகத் தெரியவில்லை. “இவரு பிரேசில் பிரசிடென்ட்டு, இவரு ஃபுட்பால் பிளேயரு, தம்பி மொறை. இவரும் பெர்னாண்டோ. பெர்னாண்டோன்னு பேரு இருந்துட்டா அல்லாம் பங்காளி. பங்காளி மக்க அண்ணன் தங்கச்சி. அண்ணன் தங்கச்சின்னா…”

புளோராம்மாள் எழுந்துவிட்டார்.

“எந்திரிங்க. போவோம். காலையில இருந்து ஒரு வாய்த் தண்ணிக்கு வக்கில்ல. பிரசிடென்ட்டு, பிளேயருன்னு சொந்தக்காரன் பெருமைய அளக்காவ. நம்மள மட்டம் தட்டத்தான் இம்புட்டுத் தூரம் வரச் சொன்னாவளோ? ஜெப்சன், நட.”

“அம்மா, கொஞ்சம் இரும்மா…”

“நடங்கேன்.”

ஜெப்சன் ஆஷ்லினைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான், ஆனால் உட்காரவில்லை. ஆஷ்லின் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். அங்கே அண்டா நிறையப் பிரியாணி. சட்டி நிறைய மீன் குழம்பு. குடம் குடமாகத் தண்ணீர். அடுக்கி வைத்த வாழை இலைக்குப் பக்கத்தில் அமுதவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னையக் கேக்காத சாமி. அல்லாம் அண்ணன் பண்ணுனது.”

ஆஷ்லின் திரும்பி வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “மாமா, சோத்த வெச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னீங்களா? நீங்களா?”

அந்த ‘நீங்களா’தான் வெங்கடாசலத்தைக் கவிழ்த்தது. அதுவரை பூட்டி வைத்திருந்ததெல்லாம் மடமடவென்று கொட்டிவிட்டது.

“பின்ன என்ன பண்ணச் சொல்ற கண்ணு? நீயும் பெர்னாண்டோ, அந்தத் தம்பியும் பெர்னாண்டோ! அண்ணனும் தங்கச்சியும் கட்டிக்கிட்டா ஊர் காறித் துப்பாதா? உங்கம்மா இருந்திருந்தா உடுவாங்களா? கை நனைச்சுட்டா பேச்சு முடிஞ்சுருமேன்னுதான் தண்ணி கூடக் குடுக்கல. நீ என்னைய வைய்யி, அடி, வேலைய உட்டுப் போன்னாலும் போறன். ஆனா உனக்கு ஒரு கொறை வர்றத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது சாமி!”

முதலில் டிக்சன் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று வெங்கடாசலம் பயந்துபோனார். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவர் சிரித்து வெங்கடாசலம் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ரெமிஜியஸ் சோபாவில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ ஐயா! எங்க தெருவுக்கு வந்து பாரும். மீன் விக்கிறவரும் பெர்னாண்டோ, பல் புடுங்குற டாக்டரும் பெர்னாண்டோ. அந்தக் காலத்துல போர்ச்சுகீசியக்காரன் ஒருத்தன் ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்னா, கரையில நின்னவன் அத்தன பேருக்கும் அவன் பேருதான். ரத்தமும் இல்ல, சொந்தமும் இல்ல. எங்க பக்கத்து வீட்டுக்காரனும் பெர்னாண்டோதான். அவன் பங்காளின்னா காம்பவுண்டுச் சுவருல பங்கு கேட்டு நாளைக்கே கோர்ட்டுக்குப் போயிருவான்!”

“அப்ப… சொந்தம் இருந்தா எப்படிங்க தெரியும்?” வெங்கடாசலத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“கோயில்ல மூணு வாட்டி ஓலை வாசிப்பாவ. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு. சொந்தம்னா எவனாவது எந்திரிச்சு நிக்க மாட்டானா?”

வெங்கடாசலம் சுவரைப் பார்த்தார். கார் பந்தயக்காரரும் பிரேசில் ஜனாதிபதியும் அவரைப் பார்த்தார்கள். நாலு வருஷத்துச் சொந்தம் ஒரே நொடியில் அற்றுப்போனது. அந்தத் துக்கத்தை அனுபவிக்கக்கூட நேரமில்லை, ஏனென்றால் புளோராம்மாள் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடி வெங்கடாசலத்தின் முன்னால் வந்து நின்றார்.

“இந்தப் பிள்ளைக்கு நீரு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாமுங்க. மேனேஜருங்க.”

“சம்பளத்துக்கு இருக்கவரு.”

“ஆமாங்க.”

“எங்க மூணு பேரையும் காலையில இருந்து பட்டினி போட்டது, இவளுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னா?”

வெங்கடாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பொய் ஒன்றும் வரவில்லை. “ஆமாங்க. தப்புத்தானுங்க. எம்மேல இருக்கற கோவத்துல புள்ளைய உட்டுட்டுப் போயிராதீங்க.”

புளோராம்மாள் ஆஷ்லினைத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே போய் அந்த ஆளின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பக்கத்துல கை நனைச்சா சம்மதம்னு அர்த்தமாக்கும்?”

“ஆமாங்க.”

“மீன் குழம்பு வாசம் வருதே, என்ன மீனு?”

“சீலாங்க.”

“எல போடும்” என்று புளோராம்மாள் கைப்பையைக் கழற்றி டிக்சனின் மடியில் வைத்தார். “எனக்குத்தான் மொதல்ல.”

அமுதவல்லி இலையைப் போட்ட வேகத்தில் ஒன்று கிழிந்தது. சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. புளோராம்மாள் ஐந்து விரலையும் குழம்பில் அழுத்தி, அந்தக் கையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். “நனைஞ்சிட்டா? போதுமாய்யா?” பிறகு ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். “புளி ஜாஸ்தி. நான் வந்து சொல்லித் தாறேன், இவளுக்கும் சேத்து.” ஆஷ்லின் வெங்கடாசலத்தின் சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணம் தூத்துக்குடியில் நடந்தது. வெங்கடாசலம், டிக்சனின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கோயில் வாசல் கூட்டத்தில் ரெமிஜியஸைத் தவறவிட்டு, “பெர்னாண்டோ ஐயா!” என்று ஒரு சத்தம் கொடுத்தார். முன்னால் போன பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை அவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

திரும்பி வந்து, அந்தப் படங்களைக் கழற்றிவிடலாம் என்று ஒரு வாரம் யோசித்தார், மனசு வரவில்லை. ஒரு சனிக்கிழமை ஜெப்சனும் ஆஷ்லினும் வந்து தங்கிவிட்டு, விடியற்காலையிலேயே கிளம்பிப் போனார்கள். டிபன் முடிந்ததும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தை வழக்கம்போல் ஹாலுக்குக் கூட்டிவந்தார் வெங்கடாசலம்.

“இவரு கார் பந்தயக்காரருங்க. ஐயாவுக்குச் சொந்தம்னு சொல்லுவாங்க, நமக்குத் தெரியாதுங்க. இவரு ஃபுட்பாலு. இவரு…”

“இவர் யாருங்க? உங்களாட்டவே இருக்கறாரு?” என்று அந்த வீட்டம்மா கேட்டாள்.

பிரேசில் ஜனாதிபதிக்கும் குண்டுப்பட ஓவியருக்கும் நடுவில் புதிதாக ஒரு சட்டம் தொங்கியது. தொளதொளவென்ற கோட்டு, நெற்றியில் விபூதி, கையில் கல்யாண கேக் ஒரு துண்டு. கீழே ஆஷ்லின் கையெழுத்தில் ‘வெங்கடாசலம் பெர்னாண்டோ’ என்று எழுதியிருந்தது.

வெங்கடாசலம் வாயைத் திறந்தார். பெரியப்பா, சித்தப்பா, தாத்தா என்று உலகத்தில் உள்ள எல்லாரையும் முறை வைத்துச் சொன்ன வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. அந்தக் குடும்பம் காத்துக்கொண்டு நின்றது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அடுப்படிக் கதவிலிருந்து அமுதவல்லி எட்டிப் பார்த்தாள். “அவருங்களா? இந்த ஊட்டுப் பொண்ணுக்கு அவரு மாமனுங்க” என்றாள். “அது ஒண்ணு மட்டும் நெசமுங்க.”